தடிமன் வேறு, உறுதி வேறு: ஹேமக் தைக்கத் துணி எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

முகாமுக்கு எடுத்துப்போக ஹேமக் (இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் தொங்கு படுக்கை) ஒன்றைச் சொந்தமாகத் தைக்க நினைப்பவர்கள் முதலில் செய்வது, துணியை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டிப் பார்ப்பது. தடியாக இருந்தால் தாங்கும், மெல்லிசாக இருந்தால் கிழியும் என்பது கணக்கு. இந்தக் கணக்கை நம்பி எடுத்த துணிதான் பெரும்பாலும் ஏமாற்றும். திரைச்சீலைக்கு நெய்த கனத்த துணி சில வாரங்களில் தையலோரம் வாய் பிளந்துவிடும். உள்ளங்கைக்குள் அடங்கும் நைலானோ வருடக்கணக்கில் உழைக்கும்.

80 கிலோ எடையுள்ள ஒருவர் படுத்திருக்கிறார், இரண்டு பக்கக் கயிறுகளும் கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எடை இரண்டாகப் பிரிந்து பக்கத்துக்கு 40 கிலோ வரும் என்றுதான் தோன்றும். ஆனால் கயிறு சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு பக்கமும் 80 கிலோ இழுவிசை விழுகிறது. இது 150 செ.மீ. அகலத் துணியில் சமமாகப் பரவினால் ஒரு செ.மீ.க்கு அரைக் கிலோ சொச்சம். சமமாகப் பரவாது என்பதும் உண்மை. உடலுக்கு அடியில் உள்ள நடுப்பகுதிதான் அதிகம் சுமக்கும். மூன்றில் ஒரு பங்கு அகலமே முழுச் சுமையையும் ஏற்கிறது என்று வைத்தாலும் ஒரு செ.மீ.க்கு 1.6 கிலோதான். நெருக்கமாக நெய்த, நைந்துபோகாத எந்தத் துணியும் இதைத் தாங்கிவிடும்.

பிறகு ஏன் கிழிகிறது? சுமை பரவாமல் ஒரே புள்ளியில் குவியும் இடங்களில் கிழிகிறது. ஏறும்போது ஊன்றும் முழங்கை, குதிகால், பின்பாக்கெட்டில் இருக்கும் சாவி, பேன்ட்டின் ஜிப், தையல் ஊசி போட்ட ஓட்டை வரிசை, வெயில் தின்ற இடம், முள் குத்திய துளை. ஆகவே துணியிடம் கேட்க வேண்டியவை மூன்று: ஓட்டை விழுந்தால் கிழிசல் ஓடுமா, நிற்குமா? தையலோரத்தில் இழை நகருமா? சுமை ஏறினால் எவ்வளவு நீளும், இறங்கியதும் பழைய நிலைக்கு வருமா? தடிமன் இந்த மூன்றில் எதற்கும் நேரடி விடை சொல்லாது.

துணிச் சீட்டில் இருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். சில இடங்களில் ஒரு சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று போட்டிருப்பார்கள். அதை 34-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ ஜிஎஸ்எம் வந்துவிடும். 1.9 அவுன்ஸ் துணி சுமார் 64 ஜிஎஸ்எம். டெனியர் என்பது இழையின் கனம்: 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் இருக்கிறதோ அத்தனை டெனியர். 70 டெனியர் இழை 30 டெனியர் இழையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனம். பருத்திப் படுக்கை விரிப்புகளில் பெருமையாக அச்சடிக்கும் இழை எண்ணிக்கையை இங்கே கண்டுகொள்ள வேண்டாம். எண்ணிக்கை ஏற ஏற இழை மெலியும். தொட்டால் வழவழப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

ரிப்ஸ்டாப் நைலானுக்கு ஏன் இவ்வளவு பெயர் என்றால், சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை பாவிலும் (நீளவாட்டு இழை) ஊடையிலும் (குறுக்கு இழை) கனத்த அல்லது இரட்டை இழை வைத்துச் சின்னச் சின்னக் கட்டங்களாக நெய்திருப்பார்கள். ஒரு கட்டத்துக்குள் தொடங்கும் கிழிசல் அந்தக் கனத்த இழையில் முட்டி நிற்கும், அல்லது வேகம் குறையும். அந்தப் பெயரைக் கேட்டதும் கிழியவே கிழியாது என்று நினைத்துவிடக் கூடாது. போதுமான சுமையோடு நல்ல வெட்டும் சேர்ந்தால் அதுவும் போகும். கட்டம் கண்ணுக்குத் தெரிவதால் மட்டும் அது ரிப்ஸ்டாப் ஆகிவிடாது. அச்சடித்த கட்டங்களும் உண்டு. நகத்தால் வருடினால் உண்மையான கட்டத்தின் மேடு தட்டுப்படும்.

ஒற்றை அடுக்கு ஹேமக்குக்கு 70 டெனியர், 60 முதல் 70 ஜிஎஸ்எம் வரையுள்ள பூச்சில்லாத நைலான் முதல் முயற்சிக்கு நம்பிக்கையான தேர்வு. 90, 100 கிலோ எடையுள்ளவர்களுக்கும் போதும். 35 முதல் 40 ஜிஎஸ்எம் துணி முதுகுப்பையில் எடையை வெகுவாகக் குறைக்கும். ஆனால் உடல் எடை குறைந்தவர்களுக்கும், பொருளைப் பத்திரமாகக் கையாளும் பழக்கம் உள்ளவர்களுக்கும்தான் அது ஒற்றை அடுக்கில் சரிப்படும். மற்றவர்கள் இரண்டு அடுக்காகத் தைக்கலாம். 3.6 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் என்றால் 5.4 சதுர மீட்டர். 65 ஜிஎஸ்எம்மில் துணி மட்டும் 350 கிராம், 40 ஜிஎஸ்எம்மில் 216 கிராம், 300 ஜிஎஸ்எம் கேன்வாஸில் 1,620 கிராம். நடந்தே போகும் பயணமா, வண்டியில் போட்டு எடுத்துப்போவதா என்பதற்கு ஏற்ப இந்த எண்களே முடிவு சொல்லிவிடும்.

நைலானின் குறை ஈரம். தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சும், உறிஞ்சியதும் நீளும். சாயங்காலம் விறைப்பாகக் கட்டிய ஹேமக் பனி இறங்கிய விடியற்காலையில் ஒரு கை அளவு தொய்ந்திருக்கும். பாலியஸ்டர் ஈரத்தை அநேகமாக உறிஞ்சாது, நீட்சியும் குறைவு, வெயிலையும் நைலானைவிடக் கூடுதலாகத் தாங்கும். அதே கனத்தில் உராய்வையும் கிழிசலையும் தாங்குவதில் நைலான் ஒரு படி மேலே. எனவே பாலியஸ்டர் எடுத்தால் சற்றுக் கூடுதல் ஜிஎஸ்எம்மில் எடுங்கள். படுத்தால் முதுகு வளையாமல் சற்று விறைப்பாக இருப்பது பிடிக்கும் என்பவர்களுக்குப் பாலியஸ்டர், கொஞ்சம் உள்வாங்கி அணைத்துக்கொள்ள வேண்டும் என்பவர்களுக்கு நைலான். இது ருசி சார்ந்த விஷயம், வாதாடிப் பயனில்லை. விருந்து மேசை விரிப்புக்காக நெய்த பாலியஸ்டர் துணி நல்ல அகலத்தில் ஒரே துண்டாகக் கிடைப்பதால் பலர் அதில் தைக்கிறார்கள். நெசவு நெருக்கமாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம்.

பருத்தியை ஒதுக்கத் தேவையில்லை. உடம்புக்கு இதம், சறுக்காது, நனைந்தால் அதன் இழை வலுவிழக்காது, நெருப்புப்பொறி பட்டால் நைலான்போல் உருகி ஓட்டையாகாது. ஆனால் எடை அதிகம், காய நேரமாகும், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து மட்கும். கரும்புள்ளி விழுந்த பருத்தித் துணி பார்வைக்கு முழுசாக இருக்கும், இழுத்தால் பொலபொலவென்று வரும். பருத்தி என்றால் இறுக்கமாக நெய்த 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத துணி, வெட்டுமுன் ஒருமுறை துவைத்துச் சுருங்க விட்டுப் பிறகு அளவெடுப்பது, இரண்டும் கட்டாயம். பழைய படுக்கை விரிப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அது தேய்ந்திருப்பது சரியாக நடுவில். ஹேமக்கில் அதிகம் சுமப்பதும் அதே நடு.

பின்னல் துணி, அதாவது பனியன் வகைத் துணி, எத்தனை கனமாக இருந்தாலும் ஆகாது. நீண்டுகொண்டே போய்த் தரையில் உட்கார வைத்துவிடும். தார்ப்பாய், பிவிசி விரிப்பு எல்லாம் காற்றுப் புகாதவை; முதுகு வியர்வையில் ஊறும். பூச்சு போட்ட நைலானுக்கும் இதே கதி. கூடாரத்துக்கும் மழைக்குடைக்கும் பயன்படும் துணியில் ஒரு பக்கம் பாலியூரித்தேன் பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சு இழைகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடுவதால், கிழிசல் முனையில் இழைகள் ஒன்றுசேர்ந்து எதிர்க்க முடியாமல் ஒவ்வொன்றாக அறுபடும். நீர் புகாத துணி என்றால் கூடுதல் உறுதி என்று நம்பி வாங்குபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். சிலிக்கான் ஊறிய துணியில் கிழிசல் பிரச்சினை இல்லை, ஆனால் காற்றும் புகாது, உடம்பும் வழுக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: துணியை வாயோடு ஒட்டிவைத்து ஊதுங்கள். மறுபுறம் கையில் காற்றுப் பட்டால் பூச்சில்லை. மேலே தண்ணீர் உருண்டு ஓடுவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மெல்லிய நீர்விலக்கி போட்ட துணியிலும் தண்ணீர் உருளும், காற்றும் புகும். அது ஹேமக்குக்கு நல்லதே.

நான்கு மீட்டர் வாங்குவதற்கு முன் அரை மீட்டர் மட்டும் வாங்கி அதைச் சோதித்து அழிப்பது வீண் செலவல்ல. முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை ஒளிப்புள்ளிகள், கோடு கோடாக மெலிந்த இடங்கள் இருந்தால் அந்தத் துண்டு வேண்டாம். அடுத்தது கட்டைவிரல் சோதனை. இரண்டு கைகளிலும் துணியை மூன்று செ.மீ. இடைவெளியில் இறுகப் பிடித்து, கட்டைவிரல்களைச் சேர்த்து வைத்து வெளிப்பக்கமாக மடக்கி இழுங்கள். இழைகள் விலகிச் சல்லடைபோல் தெரிந்தால், அந்தத் துணி தையலோரத்தில் நிச்சயம் வாய் பிளக்கும். பாவு, ஊடை இரண்டு திசையிலும் செய்து பாருங்கள். பல துணிகள் ஒரு திசையில் தேறி மறு திசையில் தோற்கும்.

பிறகு ஓரத்தில் ஒரு செ.மீ. கத்தரித்துவிட்டுக் கிழித்துப் பாருங்கள். நெய்த துணி எதுவும் கிழியத்தான் செய்யும். கேட்க வேண்டியது சத்தம், உணர வேண்டியது எதிர்ப்பு. சர்ரென்று காகிதம்போல் ஓடினால் தள்ளுங்கள். ரிப்ஸ்டாப் என்றால் கட்டத்துக்கு ஒரு முறை கை வெட்டி வெட்டி நிற்பது தெரியும். இது பயன்படுத்திய துணிக்கு இன்னும் முக்கியம். வெயிலில் கிடந்த நைலான் நிறம் வெளுப்பதற்கு முன்பே வலுவிழந்திருக்கும். பேட்டரி அமிலம் தெறித்த நைலானும் அப்படித்தான். வண்டிக்குள் பல காலம் கிடந்த துணியானால் எச்சரிக்கை.

நீட்சிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பாவு திசையில் 7 செ.மீ. அகலத்தில் ஒரு நீள்துண்டு வெட்டி, இரு ஓரங்களிலும் இழைகளை உருவி அகலத்தைச் சரியாக 5 செ.மீ. ஆக்குங்கள். நேராக 5 செ.மீ. வெட்டினால் கத்தரி வெட்டிய இழைகள் சுமை தாங்காமல் கணக்கைக் கெடுக்கும். இரு முனையையும் வழவழப்பான குச்சியில் மூன்று நான்கு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு, நடுவில் 50 செ.மீ. இடைவெளியில் இரண்டு பேனாக் கோடுகள் போடுங்கள். வாளியும் தண்ணீருமாகச் சேர்த்து 8 கிலோ தொங்கவிடுங்கள். முதலில் போட்ட கணக்கில் வந்த அதே 1.6 கிலோதான் இங்கே ஒவ்வொரு செ.மீ.க்கும் விழுகிறது. ஒரு இரவு கழித்து அளந்தால் 1 முதல் 2 செ.மீ. நீண்டிருப்பது சாதாரணம். 4 செ.மீ.யைத் தாண்டினால் படுத்ததும் பைக்குள் விழுந்ததுபோல் இருக்கும். வாளியை எடுத்த பிறகு அரை மணி விட்டு மறுபடி அளந்து பாருங்கள். திரும்பாத நீட்சி ஒவ்வொரு முகாமிலும் கூடிக்கொண்டே போகும்.

என்ன இழை என்று விற்பவருக்கே தெரியாத துணியானால் ஓர் இழையை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள், திறந்த வெளியில், தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். நைலான் சுருங்கி உருகி வெளிர்நிற மணியாக உறையும். பாலியஸ்டர் கரும்புகையோடு உருகிக் கறுத்த, கெட்டியான மணி தரும். பஞ்சும் பாலியஸ்டரும் கலந்த துணி எரியவும் செய்யும், உருகவும் செய்யும்.

இனி வெட்டு. ஆறடி உயரம் வரை உள்ளவர்களுக்குத் தைத்து முடித்த நீளம் 3.3 மீட்டர், அகலம் 145 முதல் 150 செ.மீ. நீளம் குறைந்தால் துணி ஆழமாக வளைந்து உடம்பை வாழைப்பழம்போல் மடக்கும். குறுக்குவாட்டில் சாய்ந்து படுத்தால்தான் முதுகு சமமாகும், அதற்கு நீளமும் அகலமும் வேண்டும். பாவு இழை ஹேமக்கின் நீளவாட்டில் ஓட வேண்டும். துணியின் கரை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுதான் பாவு. கரை நெருக்கமாகவும் சுருக்கமில்லாமலும் இருந்தால் நீள ஓரத்தை அப்படியே விட்டுவிடலாம். தையல்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் சாய்வெட்டு இங்கே தப்பு. சாய்வாக இழுபடும் துணி ரப்பர்போல் நீளும், ஒரு பக்கம் கோணிக்கொள்ளும்.

அகலம் போதவில்லையென்றால் ஒட்டுப்போடலாம், ஆனால் நீளவாட்டில் மட்டும். அந்தத் தையல் இழுவிசைக்கு இணையாக ஓடுவதால் பெரிய சுமை வராது. ஜீன்ஸ் காலில் இருக்கும் இரட்டை மடிப்புத் தையல் போட்டு, ஒட்டை நடுவில் விடாமல் இரு பக்கமும் 30 செ.மீ. பட்டைகளாகச் சேர்த்தால் முதுகில் உறுத்தாது. நீளம் போதவில்லை என்று குறுக்குவாட்டில் ஒட்டுப்போடுவது வேறு கதை. மொத்த எடையும் ஒரு வரிசை நூலில் தொங்கும். அதைச் செய்யாதீர்கள்.

நூல் பாலியஸ்டர்தான். பருத்தி நூல் மட்கும், உராய்ந்து அறுபடும். மெல்லிய நைலானுக்கு 70/10 அல்லது 80/12 எண் ஊசி, புதிதாக. மொட்டை ஊசி இழையை விலக்கிப் போகாமல் வெட்டிவிட்டுப் போகும். தையல் நீளம் 3 மில்லிமீட்டர். நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்று 1 மில்லிமீட்டரில் ஓட்டினால் தபால்தலை ஓரம்போல் துளை வரிசை விழுந்து, அதே கோட்டில் கிழியும். பிரித்துத் தைத்த பழைய துளைகள் மூடிக்கொள்ளாது. ஆகவே குண்டூசி குத்துவதையும் ஓரத்துக்குள் அடங்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கிளிப் போடுங்கள்.

முனைகளை இரண்டு விதமாக முடிக்கலாம். ஒன்று, நாடா கோர்ப்பதுபோல் 3 முதல் 4 செ.மீ. மடிப்புத் தைத்து அதற்குள் கயிறு விடுவது. இதில் சுமையின் ஒரு பகுதி தையலுக்குப் போகிறது, எனவே மூன்று வரிசை தையலும் இரு நுனியில் முன்பின் தையலும் வேண்டும். இன்னொன்று தையலையே நம்பாத முறை: துணி முனையை விசிறிபோல் 5 செ.மீ. கொசுவமாக மடித்துச் சேர்த்து, முனையிலிருந்து 8 முதல் 10 செ.மீ. உள்ளே மெல்லிய உறுதியான கயிற்றால் பத்துச் சுற்று இறுகக் கட்டி முடிச்சிடுவது. தொங்கவிடும் கயிற்றை அந்தக் கட்டுக்கு உட்பக்கம், அதாவது படுப்பவர் பக்கம், கண்ணியாக மாட்ட வேண்டும். சுமை ஏறும்போது கண்ணி இறுகும், கட்டிய முண்டு அதை நழுவ விடாது. தையல் கைவராதவர்களுக்கு இதுவே மேல். மடிப்புகள் சீராக இல்லாவிட்டால் ஒரு ஓரம் தளர்ந்தும் மறு ஓரம் நரம்புபோல் விறைத்தும் இருக்கும். அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.

இரண்டு அடுக்கு தைப்பவர்கள், உறுதி இரண்டு மடங்காகும் என்று எண்ண வேண்டாம். ஒரு அடுக்கு 2 செ.மீ. குட்டையாக இருந்தாலும் எடை முழுவதும் அதன் தலையில்தான், மற்றது சும்மா தொங்கும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று விரித்து ஒரே வெட்டில் வெட்டி, முனைகளைச் சேர்த்தே கொசுவுங்கள். ஒரு நீள ஓரத்தில் 60 செ.மீ. திறந்து விட்டால் குளிர் தெரியாமலிருக்க இரண்டு அடுக்குக்கும் நடுவே மெத்தைப் பாய் செருகலாம். மெல்லிய ஒற்றைத் துணி வழியாகக் கொசு அடியிலிருந்து கடிக்கும். அந்தத் தொல்லையும் குறையும்.

துணி எத்தனை நல்லதானாலும் கட்டும் கோணம் கெட்டால் பலனில்லை. அதே 80 கிலோ ஆள், 15 பாகையில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 155 கிலோ, 10 பாகையில் 230, கயிற்றை விறைப்பாக இழுத்து 5 பாகையில் கட்டினால் 459. துணி குழியாகத் தொய்வது பிடிக்காமல் இழுத்துக் கட்டுபவர்கள் செய்வது இதைத்தான். 30 பாகைக்கு எளிய அளவு: கிடையாக ஒரு மீட்டர் போகும்போது கயிறு 58 செ.மீ. இறங்க வேண்டும். இரு முனைக்கும் நடுவே, ஹேமக் நீளத்தில் 83 சதவீத அளவுக்கு நீளாத ஒரு கயிறு கட்டிவிட்டால், 3.3 மீட்டர் துணிக்கு 2.74 மீட்டர், மரங்கள் எத்தனை தள்ளி இருந்தாலும் தொய்வு மாறாது. மரத்தைச் சுற்றக் கயிறு வேண்டாம், 2.5 செ.மீ.க்குக் குறையாத பாலியஸ்டர் பட்டை போடுங்கள்.

முதல் முறை ஆள் ஏறுவதற்கு முன், தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், அடியில் கல்லோ வேரோ இல்லாத இடத்தில் கட்டி, உள்ளே ஒரு போர்வை விரித்து, உங்கள் எடையைப்போல் ஒன்றரை மடங்கு தண்ணீர்க் கேன்களை மெதுவாக ஏற்றி அரை மணி விடுங்கள். கேனின் விளிம்பு துணியில் நேரடியாகப் படக் கூடாது. இறக்கிய பின் தையலோரங்களையும் கட்டின் அருகிலும் வெளிச்சத்தில் பாருங்கள். ஊசித் துளை வட்டமாக இல்லாமல் பிளவாக நீண்டிருந்தால் இழை நகரத் தொடங்கிவிட்டது. அந்தத் துணி சாமான் வைக்க ஆகும், ஆள் படுக்க ஆகாது. எல்லாம் சரியாக இருந்தால் உட்கார்ந்து, பிறகு படுங்கள். சாதாரண உபயோகத்தில் படுத்திருக்கும்போது அடிப்பக்கம் நாற்காலி உயரம், 45 செ.மீ.யைத் தாண்ட வேண்டியதில்லை.

துவைக்க மிதமான சோப்பும் குளிர்ந்த நீரும் போதும். நைலானுக்குக் குளோரின் வெளுப்பான் விஷம், வெயிலில் நாள்முழுக்கக் காயப்போடுவதும் அப்படியே. நிழலில் போட்டாலே ஒரு மணிக்குள் காய்ந்துவிடும். நடுப்பகுதியில் ஓட்டை விழுந்தால், எவ்வளவு சின்னதானாலும், ஒட்டுப்போட்டுப் படுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஓரத்துணி நன்றாகத்தான் இருக்கும், 20 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரத்தில் வெட்டித் தைத்தால் அடுத்த ஹேமக்கைச் சுருட்டி வைக்கப் பையாகும்.